தாய்மாமன் முகத்தில் பச்சைக் கட்டம்

அந்த கிராஃபிக்ஸ் கார்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு கழுகு நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. வீடியோ வேலை வேகமாக நடக்கக் கம்ப்யூட்டருக்குள் ஓரமாகச் செருகிவைக்கிற சாமானுக்குக் கழுகு எதற்கு, நெருப்பு எதற்கு என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்தேன்.

எங்களுக்குக் கல்யாண வீடியோ தொழில். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டுக்காரர் கேமரா பிடிப்பார். வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது நான். அவர் எடுத்து வருவதில் பாதி யாரோ ஒருவருடைய முதுகாக இருக்கும். மீதியில் கல்யாணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. இது போக இரண்டு ஏக்கர் நிலம், ஒரு போர்க் கிணறு, ஒரு மோட்டார்.

அந்த மோட்டாரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அதன் தகட்டில் ஐந்து எச்.பி. என்று அடித்திருக்கும். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று, அதாவது காயில், ஏழரைக்குக் கட்டியது. எங்கள் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்குப் போனால், "தகடு எவ்ளோ, உள்ள எவ்ளோ?" என்று கூச்சமே இல்லாமல் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஊரில் யாருடைய மோட்டாரும் தகடு சொல்கிறபடி ஓடுவதில்லை. "பாத்தா அஞ்சு, எறைச்சா ஏழரை" என்று என் வீட்டுக்காரர் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி சொல்லிக்கொள்வார். அந்தப் பிள்ளை இரண்டு கோடையில் இரண்டு தரம் எரிந்துபோனது. இரண்டு தரமும் நான் வாசலில் நின்று கத்தினேன்.

"அஞ்சுன்னா அஞ்சுதான். மேல குடுன்னு கேட்டா அது எங்கேருந்து குடுக்கும்? பொகையத்தான் குடுக்கும்."

இப்படிப் பேசிய வாய்தான் தஞ்சாவூர்க் கடையில் போய்ப் பேசாமல் நின்றது.

"மேடம், இது சாதா கார்டு இல்ல. ஃபேக்டரி ஓவர்கிளாக். அதே சிப்புதான், ஆனா கம்பெனியிலயே ஸ்பீட ஏத்தி அனுப்புறான். சாதா கார்டவிட ஒரு படி கூடவே ஓடும்" என்றார் கடைக்காரர்.

"கூட ஓடுனா ஒண்ணும் ஆவாதா?"

"கம்பெனியே டெஸ்ட் பண்ணித்தான மேடம் அனுப்புறான்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்குக் கண் மின்னியது. "அதே சிப்பு, கூட ஓடுமா!" என்றார். அவர் எதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறாரோ அதை வாங்கக் கூடாது என்பது பதினாறு வருஷத்துக் குடும்ப வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது. அன்றைக்கு மறந்துவிட்டேன். பழைய கார்டையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். அது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

ஆனி மாதம் தரங்கம்பாடிப் பக்கத்தில் ஒரு கல்யாணம் எடுத்தோம். கடல் தொழில் செய்கிற குடும்பம். பெண்ணின் அம்மாதான் எங்களை ஏற்பாடு செய்தது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்காவுக்கு ஒரு தம்பி. தம்பியும் அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு படகு வைத்திருந்து, அதைப் பங்கு பிரித்ததில் சண்டையாகி, நான்கு வருஷமாக மாமன் மச்சான் இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குத்தான் அந்தத் தம்பி வந்தார். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மேடைக்கு யார் அழைத்து வருவது? மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மண்டபமே அந்தப் பெண்ணைப் பார்த்தது. அக்கா மட்டும் தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. "தங்கச்சி, மத்தது எப்புடி வேணா இருக்கட்டும். எந்தம்பி வர்ற எடத்த மட்டும் நல்லா பண்ணிக் குடுத்துரு. அதப் பாத்தா அவனுக்கு மனசு நெறையணும்."

நானும் நிறைத்தேன். அந்த மூன்று நிமிஷத்துக்கு என்னிடம் இருந்த அத்தனையும் போட்டேன். ஸ்லோமோஷன், மேலே ரோஜா இதழ் கொட்டுவது, பின்னால் பொன்னிறப் புகை, மாமன் முகத்துக்கு மட்டும் தனியாக வெளிச்சம். புதுக் கார்டு இருக்கிறதே, இழுக்கட்டும் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினேன்.

வேலை செய்யும்போதே திரையில் அங்கங்கே பச்சையாக ஏதோ மினுக்கியது. ஒரு தரம் மானிட்டர் கறுப்பாகிப் போய்த் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டு" என்றார். அவருக்கு உலகத்தில் எது நடந்தாலும் கரண்டுதான் காரணம். ஊரில் எல்லாரும் குறுவைக்கு மோட்டார் போட்டிருந்த நேரம். நானும் கரண்டைத் திட்டிவிட்டு வேலையை முடித்தேன். படத்தை முழுசாகப் பார்க்காமல், முதல் பத்து நிமிஷம் மட்டும் பார்த்துவிட்டு, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். தப்பு என்னுடையது. இதில் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

ஆடிப்பெருக்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் அழுகை. பிறகுதான் பேச்சு.

"என்ன தங்கச்சி இப்புடி பண்ணிட்ட?"

நடந்தது இதுதான். வீட்டில் பெரிய டிவியில் போட்டு, இரண்டு பக்கச் சொந்தமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். தம்பியை வலியக் கூப்பிட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது அக்கா. தாய்மாமன் வருகிற இடம் வந்தது. ரோஜா இதழ் கொட்டியது. புகை வந்தது. மாமன் மாலையோடு மெதுவாக நடந்து வந்தார். கழுத்துக்கு மேலே முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக ஆடியது.

"செய்தியில கைதாகிப் போறவன் மூஞ்சிய மறைச்சுக் காட்டுவானுங்களே, அதே மாரி இருந்துச்சு தங்கச்சி. ஒரு பொடிசு அதச் சொல்லியும் தொலைச்சுருச்சு."

தம்பி எழுந்துவிட்டார். மச்சான்தான் வீடியோக்காரிக்குச் சொல்லி முகத்தை அழிக்கச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். ஏன் என்றால், மச்சான் வருகிற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பெண்ணுக்குப் புதுத் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். அதில் கோர்க்கிற பொன் குண்டு தாய்மாமன் கொண்டுவர வேண்டும். "குண்ட அந்த மூஞ்சி தெரியிற ஆளையே வாங்கிப் போட சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நாலு வருசம் கழிச்சு எந்தம்பி எவ்வூட்டுல சோறு தின்னான் தங்கச்சி. திரும்பவும் போயிட்டான்" என்றது அக்கா.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் எதிரில் இருப்பவரைத்தான் திட்டுவேன். எதிரில் என் வீட்டுக்காரர் இருந்தார். அவரை முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் போனேன்.

கேபிளை மாற்றினேன். கட்டம் வந்தது. டிவியைத் தூக்கி வந்து மானிட்டருக்குப் பதிலாக மாட்டினேன். கட்டம் இன்னும் பெரியதாக வந்தது. கார்டை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அது பாதியில் நின்று, "மன்னிக்கவும்" என்றது. மன்னிக்கவில்லை. மறுபடி போட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே வைக்கோல் தூசி. வண்டிக்குக் காற்றடிக்கிற பம்பை வைத்து ஊதினேன். அறையெல்லாம் தூசி, எனக்கு இருமல், கட்டம் அப்படியே இருந்தது. மேஜை ஃபேனை நேராகக் கார்டுக்குத் திருப்பிவைத்தேன். கார்டு சில்லென்று இருந்துகொண்டே கட்டம் போட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் விடாமல், "கரண்டுதான்" என்று சொல்லி, ஸ்டெபிலைசர் ஒன்றைத் தூக்கி வந்து மாட்டினார். மீட்டரில் வோல்டேஜ் கோடு போட்ட மாதிரி நின்றது. கட்டம் பொறுமையாக வந்தது. அன்றைக்குக் கரண்டைத் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கடைக்குப் போன் போட்டேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?" என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

கார்டை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரையே எல்லா வேலையையும் செய்யச் சொல்லி, மாமன் வருகிற இடத்தில் இருபது நொடியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். கட்டம் இல்லை. ஆனால் அந்த இருபது நொடி வருவதற்குள் நான் சாம்பார் வைத்து இறக்கிவிட்டேன். முழுப் படமும் இந்த வேகத்தில் வந்தால் ஆடிப்பெருக்கு என்ன, தீபாவளியே ஆகிவிடும். ஆக, கோளாறு கார்டில்தான். அது இல்லாமலும் ஆகாது. இது வரைக்கும் தெரிந்தபோது இரண்டு நாள் போயிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. தாய்மாமன்.

முகம் சிவந்திருந்தது. கையில் ஒரு பையில் சங்கரா மீன். நான் மீனைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கோவம் வேற, வெறுங்கையோட ஒரு வூட்டுக்கு வர்றது வேற. இந்தா" என்று பையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"ஏம்மா, எவ்ளோ குடுத்தான் ஒனக்கு?"

"யாருண்ணே?"

"எம் மச்சான்தான். எம் மூஞ்சிய அழிக்கிறதுக்கு."

"அண்ணே, ஒங்க மச்சான் ஆல்பத்துக்கே அட்டை போடாம குடுங்கன்னு கேட்ட மனுசன். மூஞ்சிய அழிக்கத் தனியா செலவு பண்ணுவாரா?"

அது அவருக்குச் சட்டென்று விளங்கியது. மச்சானைப் பற்றி நான்கு வருஷமாக அவர் சொல்லிவந்ததும் அதுதானே. ஆனாலும் கோபத்தோடு வந்த ஆள் உடனே இறங்க முடியாது. நாற்காலியை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

"காட்டு. எங்க அழிச்சன்னு காட்டு."

போட்டேன். முதல் தரம் கட்டம் முகத்தில் வந்தது. "பாத்தியா!" என்றார். மறுபடி போட்டேன். இந்தத் தரம் மாலையில் வந்தது. மூன்றாம் தரம் வேட்டியில். "இது என்னம்மா, அங்கயும் இங்கயும் ஓடுது?"

"நான் அழிச்சிருந்தா இப்புடி ஓடுமாண்ணே?"

"நீ கெட்டிக்காரி. ஓடவும் விடுவ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. மச்சான் வருகிற இடத்தைத் திறந்தேன். வாசலில் நின்று எல்லாருக்கும் கும்பிடு போடுகிற வெறும் காட்சி. மாமனுக்குப் போட்ட ஸ்லோமோஷன், ரோஜா, புகை, வெளிச்சம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து மச்சான் மேல் போட்டேன். ஓட்டினேன். மச்சான் மெதுவாகக் கையைக் கூப்பினார். இதழ் கொட்டியது. நெற்றியில் தொடங்கி மீசை வரைக்கும் பச்சைக் கட்டம் இறங்கியது.

திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ போடும்மா."

போட்டேன். நான்கு தரம் போட்டேன். நான்காம் தரம் ஒரு கட்டம் மச்சானின் மூக்கு மேல் நின்று கண் சிமிட்டியது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப எனக்குன்னு பண்ணல."

"ஒங்களுக்குன்னுதாண்ணே பண்ணுனேன். மத்தவங்களுக்கு ஒண்ணுமே போடல. அதான் அவங்க மூஞ்சி நல்லாருக்கு. ஒங்கக்கா கேட்டுதேன்னு ஒங்க தலையில அத்தனையும் ஏத்துனேன். பாரம் தாங்காம கார்டு ஒளறுது."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அக்காவா கேட்டுச்சு?" என்றார்.

"வேற யாரு கேப்பா?"

சொல்லிவிட்டேனே தவிர, இதை எப்படிச் சரி செய்வது என்று தெரியவில்லை. எஃபெக்டை எல்லாம் எடுத்துவிட்டால் கட்டம் வராது. ஆனால் மாமனும் மற்ற ஆட்களைப் போலச் சும்மா நடந்து வருவார். அக்கா கேட்டது அது இல்லை. உட்கார்ந்து திரையை முறைத்துக்கொண்டிருந்தபோது, கொல்லைப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் கால் சேறோடு உள்ளே வந்தார்.

"மோட்டாரு திணறிக்கிட்டே இருந்துச்சு. ஆம்பியர் ரொம்ப இழுக்குது. வால்வ கால்வாசி மூடிட்டேன். தண்ணி கொஞ்சம் கம்மி, ஆனா சத்தமில்லாம ஓடுது இப்ப" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, மீன் பையைத் திறந்து பார்த்தார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தகடு ஐந்து, உள்ளே ஏழரை. அதே சிப்பு, கூட ஓடும். நான் வாங்கி வந்தது வேறு எதுவும் இல்லை, கழுகுப் படம் போட்ட எங்கள் வீட்டு மோட்டார். காயில் கடையில் செய்கிற வேலையைக் கம்பெனியே செய்து, பாலிதீன் உறை போட்டு விற்றிருக்கிறது. சும்மா இருக்கும்போது சிங்கம் மாதிரி ஓடும். முழுப் பாரம் ஏற்றினால் கட்டம் துப்பும்.

கார்டோடு வந்த சாஃப்ட்வேரில் ஒரு பக்கம் இருந்தது. அதில் ஒரு கோடு, கோட்டில் ஒரு பொத்தான். வலது பக்கம் தள்ளினால் வேகம் கூடும். அதை இடது பக்கம் தள்ளுவதற்கும் வழி இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. விற்கிறவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்? சாதா கார்டு எந்த வேகத்தில் ஓடுமோ அந்த அளவுக்கு இறக்கினேன். ஓட்டினேன். கட்டம் குறைந்து, ஓரத்தில் இரண்டு பச்சைப் புள்ளி மட்டும் மினுக்கியது. இன்னும் ஒரு இழை இறக்கினேன்.

மாமன் வந்தார். இதழ் கொட்டியது. பொன்னிறப் புகைக்கு நடுவே முழு முகம். மீசை, அம்மைத் தழும்பு, எல்லாம் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. அவர் அழுதார் என்பது எங்கள் யாருக்குமே அதுவரை தெரியாது.

நான் திரும்பவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

"வயிறு இவ்ளோ பெருசாவா இருக்கு எனக்கு?"

"அது கார்டு கோளாறு இல்லண்ணே."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவரும் சிரித்தார். நான் மீனைக் கழுவப் போனேன். மதியம் குழம்புச் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு அந்த மூன்று நிமிஷத்தைத் தாய்மாமன் இன்னும் இரண்டு முறை பார்த்தார். முழுப் படமும் ஓடி முடியச் சாயங்காலம் ஆனது. வேகத்தை இறக்கியதால் முன்னைவிட எவ்வளவு நேரம் கூட ஆனது என்று பார்த்தேன். சோறு தின்று கை கழுவுகிற நேரம். அந்த நேரத்துக்கு ஆசைப்பட்டுத்தான் ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்தேன். இந்தத் தடவை முதலிலிருந்து கடைசி வரை முழுசாகப் பார்த்தேன். அவரும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். மச்சான் கும்பிடு போடுகிற இடம் வந்ததும், "இங்க மட்டும் அந்தக் கட்டத்த விட்டுவச்சிருக்கலாம்" என்றார்.

புதுப் படத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டு, கடைக்காரருக்குப் போன் போட்டு, நீங்கள் விற்ற வேகத்தை நான் இறக்கிவிட்டேன் என்றேன். "ஐயோ, அப்ப பர்ஃபார்மன்ஸ் போயிருமே மேடம்" என்றார். "மூஞ்சி வந்துருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு மத்தியானம் அக்கா போன் செய்தது. பின்னால் ஒரே கூச்சல். ஆற்றங்கரையிலிருந்து பேசியது. தம்பி பொன் குண்டு கொண்டுவந்தாராம். கயிறு மாற்றியாகிவிட்டதாம். சித்ரான்னம் வைத்திருந்த தூக்கை யார் தூக்கி வருவது என்று மாமனும் மச்சானும் சண்டை போட்டார்களாம்.

"சண்டையாக்கா?"

"ஆமா தங்கச்சி. நாலு வருசத்துல இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் பேசி சண்ட போட்டாங்க" என்றது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பழைய பென்டிரைவை, கட்டம் வந்த படம் இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். அழித்துவிட்டு வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. அக்கா அதைத் தம்பி வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னது. எதற்காம் என்று கேட்டேன்.

"அடுத்த சண்டைக்கு வேணும்னான்."

மோட்டார் வால்வைப் பற்றி அவர் சொன்னதில்தான் எனக்கு வழி கிடைத்தது என்பதை மட்டும் என் வீட்டுக்காரரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. சொன்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இதில் எழுதியிருக்கிறேன், பரவாயில்லை. நான் எழுதுவதை அவர் படிப்பதில்லை.